தலைக்கு எட்டு அடி

ரோட்டை அகலப்படுத்தும் வேலை தொடங்கிய ஆடி மாதத்தில், திருநகருக்குத் தெற்கே புளியமரங்களின் அடியில் வரிசையாக உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்துக் காலியிடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எட்டு மேடைகள் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி சதுரம், முழங்கால் உயரம், மேலே தகரக் கொட்டகை, நாலு பக்கமும் ஆட்கள் நடக்க வழி. மேடையின் நடுவில் வெள்ளைப் பெயிண்டால் கூட்டல் குறி போட்டு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எண் எழுதியிருந்தார்கள். எட்டு மேடைக்கு முப்பத்திரண்டு பேர். பட்டியலில் தன் பெயருக்கு நேரே என்ன எண் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் உட்கார வேண்டியதுதான்.

முத்துச்செல்வியின் பெயர் பட்டியலில் இல்லை.

சந்தையைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வெள்ளைத்துரை நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். காற்றில் தாள்கள் படபடத்தன. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இல்லையேம்மா. இது மாசியில எடுத்த லிஸ்ட்டு. மேல கையெழுத்தாகி வந்துருச்சு. இனி அடுத்து எப்ப எடுப்பாங்கன்னு எனக்கே தெரியாது."

"பதினாலு வருசமா அந்தப் புளியமரத்தடியில உக்காந்திருக்கேன் சார். நீங்களே எங்கிட்டத் தண்டங்கீரை வாங்கியிருக்கீக."

"வாங்கியிருக்கேன். நான் இல்லங்கலையே. பேரு எடுக்க வந்தப்ப நீ எங்க போன?"

மாசி மாதத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் புருஷன் ராஜபாண்டி டைல்ஸ் ஒட்டுகிறவன். ஹார்விபட்டிப் பக்கம் ஒரு வீட்டின் இரண்டாம் மாடிப் பால்கனியில் வேலை பார்த்தபோது சாரக்கட்டை நழுவிக் கீழே விழுந்தான். இடுப்பெலும்பில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். முப்பத்தெட்டு நாள் அவள் வார்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவன் எழுந்து நடப்பது சந்தேகம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற அளவுக்கு வந்தான். அதன்பின் அவள் மறுபடி மரத்தடிக்குப் போனாள். நாலு மாதமாக அங்கேதான் விற்றாள். தன் பெயர் விட்டுப்போனது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய வேலை விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். நிலையூர்க் கண்மாய்க்குக் கீழே கீரைப் பாத்திகள் இருக்கின்றன. தோட்டக்காரர் காட்டுகிற பாத்தியில் இறங்கி வேரோடு பிடுங்கி, பம்புசெட் தொட்டியில் அலசி, வாழைநாரில் கட்டுக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஷேர் ஆட்டோவைப் பிடிப்பாள். பத்து மணிக்குள் விற்றால் கீரை. பதினொன்று ஆனால் ஆட்டுக்குப் போடுகிற குழை. மிஞ்சிய கட்டுகள் அவள் வீட்டு அடுப்புக்குப் போகும். வருஷம் முழுக்க அந்த வீட்டில் கீரை வெந்துகொண்டே இருந்தது. ராஜபாண்டி சலித்துக்கொள்வான். விருதுநகரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற மகள், வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பதே, இன்னைக்காவது வேற குழம்பு உண்டா என்றுதான்.

இப்போது ரோட்டில் கடை விரித்தால் சாமானை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். புது மேடைகளை வெள்ளிக்கிழமை திறக்கப் போகிறார்கள். வெள்ளைத்துரை கெட்ட மனிதர் இல்லை. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆறாம் நம்பர் மேடையில இருக்கிற நாலு பேரும் ஒன்னோட உக்காந்தவுகதான. அவுக சம்மதிச்சு அஞ்சா வச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அஞ்சும் சமமா இருக்கணும். படம் போட்டு, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடு. எனக்குக் கொறைஞ்சிருச்சு, அவளுக்குக் கூடிருச்சுன்னு ஒருத்தி வந்து நின்னாலும் பழைய கோட்டத்தேன் பாப்பேன். பெறகு என்னையக் கொறை சொல்லக்கூடாது."

ஆறாம் மேடையின் நாலு பேரில் மூத்தவள் அன்னக்கொடி. கத்தரிக்காய், வெண்டை, பூசணி, சுரை என்று நாட்டுக்காய் எல்லாம் வைத்திருப்பாள். ராஜபாண்டியின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணமான புதிதில் முத்துச்செல்வியை மரத்தடிக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தவள் அவள்தான். அடுத்தவள் ஒச்சம்மாள், கருவாடு விற்கிறவள். வாசனைக்குப் பயந்து அவளிடமிருந்து எல்லோரும் இரண்டு முழம் தள்ளி உட்காருவார்கள். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மூன்றாவது பாண்டியம்மாள். சோழவந்தானிலிருந்து முதல் பஸ்ஸில் வெற்றிலைக் கூடையோடு வந்து இறங்குவாள். நாலாவது அஸ்வினி. அம்மா இறந்தபின் போன வருஷத்திலிருந்து அம்மாவின் கொய்யாக் கடையைப் பார்க்கிறாள். பி.காம். முடித்தவள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஐந்து பேரும் மேடையைச் சுற்றி நின்றார்கள். மேற்கிலிருந்து அடித்த காற்றில் தகரம் தடதடத்தது. முத்துச்செல்வி சங்கதியைச் சொன்னாள். யாரும் உடனே மறுக்கவில்லை. உடனே சரி என்றும் சொல்லவில்லை.

"சேத்துக்கிர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் பாண்டியம்மாள். "எப்பிடிச் சேக்கிறது? நாலுன்னா குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணு, முடிஞ்சுபோச்சு. அஞ்ச எங்கிட்டு வெட்டுவ?"

அஸ்வினி செங்கல் துண்டை எடுத்து மேடையில் கோடு இழுத்தாள். இரண்டடி அகலத்தில் ஐந்து பட்டை. "ரெண்டுக்குப் பத்து. எல்லாருக்கும் இருபது சதுரஅடி. கணக்குச் சரிதான்?"

ஒச்சம்மாள் கோட்டைப் பார்த்தாள். "கணக்குச் சரி. ஓரத்துப் பட்டையில உக்காந்தவளுக்குப் பத்தடி நீளத்துக்கு ஆளு வந்து நிக்கும். நடுப்பட்டையில மாட்டுனவ ரெண்டு அடிச் சந்துல குத்தவச்சிருக்கணும். எங்கருவாட்ட எந்திரிச்சு நின்னு ஆட்டிக் காமிக்கவா?"

"அப்ப நடுவுல ஒரு கட்டம் போட்டு அதுல ஒருத்தி" என்றாள் பாண்டியம்மாள்.

"கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரியா? அவகிட்டக் கீரை வாங்க நம்ம தலைய மிதிச்சிட்டுத்தேன் போகணும்" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்குடுத்தா?" என்று கேட்டாள் அஸ்வினி.

"ஆளுக்கு ஒரு மொழம் விட்டா நாலு மூலையில நாலு மொழம் கெடக்கும். அவ நாலு துண்டாப் போயி உக்காருவாளா?"

அன்னக்கொடி இதுவரை பேசவில்லை. பூசணிக்காயைப் புரட்டுவது போல உள்ளங்கையால் மேடையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள். "பங்கு சரியா வரலைன்னா என்ன செய்ய முடியும்? பேசாம வேற மேடையில கேட்டுப் பாரு செல்வி. எல்லாரும் மொகம் தெரிஞ்சவுகதான."

வேறு மேடைகளில் அவள் முந்தின நாளே கேட்டிருந்தாள். அங்கே யாரும் கோடு போட்டுப் பார்க்கிற அளவுக்குக்கூட வரவில்லை.

திரும்பி நடக்கும்போது ஒச்சம்மாள் கூட வந்தாள். இருவருக்கும் ஒரே தெரு. ரயில்வே கேட்டில் வண்டிக்காக நின்றபோது, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எதையோ துப்பித் தீர்ப்பது போலச் சொன்னாள்.

"ஒங்கிட்டச் சொல்லாம எத்தனை நாளைக்கு வச்சிருக்கிறது. பேரு எடுக்க வந்த பையன் இந்தப் புளியமரத்தடியில எத்தனை பேருன்னு கேட்டான். நாலுன்னு சொன்னது அன்னக்கொடிதான். நான் ஒம்பேரச் சொல்ல வாயெடுத்தேன். நீ சும்மா இருன்னு கையப் புடிச்சு அமுத்துச்சு. பேசாம இருந்துட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு."

கூட்ஸ் வண்டி நீளமாகப் போனது. முத்துச்செல்வி பெட்டிகளை எண்ணுகிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட் திறந்ததும் முதல் ஆளாக நடந்தாள்.

அவள் வீட்டில் அன்று ரேஷன் அரிசிச் சோறும் புளித்தண்ணியும்தான். ராஜபாண்டி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான். விழுந்ததிலிருந்து அவன் பேச்சு குறைந்துபோயிருந்தது. பேசினால் எதிலாவது குறை கண்டுபிடிப்பான். மூன்று நாளாக அந்த வீட்டில் கீரை வேகவில்லை என்பதை அவனும் கவனித்திருந்தான். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"என்ன சொன்னாக?"

அவள் பட்டைக் கோட்டையும் நடுக்கட்டத்தையும் சொன்னாள். ஒச்சம்மாள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அன்னக்கொடி வாரத்துக்கு மூன்று நாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். அவன் மலஜலம் எடுத்த கையும் அதுதான். மாசியில் சோறு கொண்டுவந்த அதே நாட்களில்தான் நாலு பேர் என்றும் சொல்லியிருக்கிறாள். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க முத்துச்செல்வியால் முடியவில்லை.

"எங்கக்கா என்ன சொல்லுச்சு?"

"வேற மேடையில கேக்கச் சொன்னாக."

"அதுக்கும் வழி தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா விடுமா அது."

அவன் கை கழுவிவிட்டு, மாத்திரை அட்டையைப் பின்பக்கம் திருப்பி, பென்சிலால் ஒரு சதுரம் போட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டை பற்றவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து வாங்கிப் பெரிதாகப் போட்டான். பெரிய வீடுகளில் ஹாலின் நடுவில் பூப்போட்ட கல் பதித்து, அதிலிருந்து சுவர் வரை விசிறி மாதிரித் துண்டுகள் வெட்டி ஒட்டியிருக்கிறான். ஒரு கடைக்காரர் அப்படி ஏழு துண்டு கேட்டு, ஒரு வாரம் அவனை வதைத்தார். அந்த வேலை இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

"செல்வி, இங்கிட்டு வா. மேடையச் சுத்தி மொத்தம் எம்புட்டு?"

"பத்துப் பத்து... நாப்பது."

"அஞ்சு பேருக்குத் தலைக்கு எட்டு அடி. ஓரத்துல எட்டு எட்டு அடியா அளந்து குறி வச்சுக்கிட்டே சுத்தி வா. குறி வச்ச எடத்துலருந்து நடு மையத்துக்குக் கோடு இழு. அம்புட்டுத்தேன். அஞ்சும் சமம்."

அவள் தாளைக் கையில் வாங்கினாள். "ஒண்ணு மூணு மூலையா இருக்கு. மத்தது நாலு மூலை, கோணக்கமாணையா. எப்பிடிச் சமமாகும்?"

"மையத்துலருந்து எந்தப் பக்கத்து ஓரத்துக்கும் அஞ்சு அடிதான?"

"ஆமா."

"மூணு மூலைத் துண்டுக்கு எடம் எம்புட்டுன்னா, அடி நீளத்தையும் அந்த ஒசரத்தையும் பெருக்கிப் பாதி. எட்ட அஞ்சால பெருக்கிப் பாதி, இருபது. மூலைய வளைச்சுக்கிட்டுப் போற துண்ட மூலையிலருந்து மையத்துக்கு வெட்டுனா ரெண்டு மூணு மூலைத் துண்டு. ஒண்ணுக்கு அடி மூணு, இன்னொண்ணுக்கு அஞ்சு. கூட்டுனா அதே எட்டுதான். ஒசரம் அதே அஞ்சுதான். அப்ப எடமும் அதேதான். வடிவம் வேறயா இருந்தா என்ன?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "முன்னாடி எல்லாருக்கும் எட்டடி. உக்கார எடம் நடுவுல. அஞ்சு பேரும் முதுகோட முதுகு வச்சு உக்காந்துக்கிரலாம்."

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருந்தாலும் பாத்தி பிரித்து நீர் விடுவதைப் பார்த்துப் பழகியவள். மூலையிலிருந்து மையத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். சரி என்றுதான் பட்டது.

"எனக்கு வெளங்குது. அவுகளுக்கு எப்பிடி வெளங்க வைக்கிறது? ஒச்சம்மா மதினி எதையும் நிறுத்துப் பாத்தாத்தேன் நம்பும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நிறுத்தே காமிச்சிருவோம்" என்றான்.

மறுநாள் புதன்கிழமை காலை, கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டடி டைல்ஸ் இரண்டை எடுக்கச் சொன்னான். அவனுடைய கட்டிங் மெஷின் சாக்குப்பைக்குள் ஐந்து மாதமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. அவள் துடைத்துக் கொடுத்தாள். வாசலில் நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலில் டைலை வைத்து, நனைத்த கோணிப்பையால் சுற்றிலும் அண்டை கொடுத்தான். குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெட்டக் கை பழகவில்லை. அறுபது சென்டிமீட்டர் பக்கம்; சுற்றளவு இருநூற்று நாற்பது; ஐந்தால் வகுத்தால் நாற்பத்தெட்டு. குறி வைத்து நூல் அடித்தான். பிளேடு மையத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு விரற்கடை தாண்டினால் எதிர்த் துண்டில் வெடிப்பு விழும்.

முதல் டைல் மூன்றாவது வெட்டில் குறுக்கே உடைந்தது. அவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இடுப்பில் வலி ஏறியிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"விடுங்க மாமா. தாள்லயே காமிச்சுக்கிர்றேன்."

"தண்ணி ஊத்து நீ."

அவள் சொம்பிலிருந்து நூல் போலத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாவது டைலை அவன் அவசரப்படாமல் வெட்டினான். சத்தம் கேட்டுத் தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைச் சேறு அவன் லுங்கியில் தெறித்துக் காய்ந்தது. முக்கால் மணி நேரத்தில் ஐந்து துண்டும் தனித்தனியாகக் கழன்று வந்தன. ஒன்றின் ஓரத்தில் மட்டும் சில்லு பெயர்ந்து கொஞ்சம் பொக்கு விழுந்திருந்தது. அவற்றை மறுபடி சேர்த்துச் சதுரமாக வைத்துப் பார்த்தான். விழுந்த பிறகு அவன் ஒரு வேலையை முடித்தது அதுதான் முதல் தடவை. டீ கேட்டான்.

டீயைக் குடித்துக்கொண்டே, படத்தில் ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினான். "எங்கிட்டு வெட்ட ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சுத்தேன் போட்டிருக்கேன். மூலை நாலுதான். ஆளு அஞ்சு. ஒருத்திக்கு மூலை கெடையாது. கெழக்க ரோட்டுப் பக்கத்த ரெண்டு பேரு பாதிப் பாதியா எடுத்துக்கிருவாக. வடக்கயும் தெக்கயும் ஆளுக்கு ஒருத்தி. இந்த அஞ்சாவது மேக்க பாத்தது. முன்னாடி டேங்குச் செவுரு. எதிர்க்காத்து. அது நமக்குத்தேன்னு நெனச்சுக்கிட்டுப் போ. இல்லாட்டி அவுக கையெழுத்துப் போடமாட்டாக."

"எதிர்க்காத்துல கீரை வாடிப்போகும்."

"ஈரச்சாக்கு ரெண்டாப் போட்டுக்க. எடம் கெடைக்கிறதப் பாரு."

வியாழக்கிழமை காலை அவள் கீரைச் சாக்கில் ஐந்து துண்டையும் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். ஆறாம் மேடையின் நடுவில் அவற்றைச் சதுரமாகச் சேர்த்து வைத்தாள். பிறகு புருஷன் சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னாள். பாதியில் ஒரு இடம் மறந்துபோனது. அஸ்வினி தாளை வாங்கிப் பார்த்து, மூன்றும் ஐந்தும் எட்டு, ஒன்றும் ஏழும் எட்டு என்று கூட்டி, "சரியாத்தான் இருக்குக்கா" என்றாள்.

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். "அன்னக்கொடி, ஒன் தராச எடு."

அன்னக்கொடி எலக்ட்ரானிக் தராசை எடுத்துவைத்தாள். பாண்டியம்மாள் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். ஐந்து பேரும் குனிந்து எண்ணைப் பார்த்தார்கள். ஒரு கிலோ நானூற்றுப் பத்து. ஒரு கிலோ நானூற்றுப் பதினைந்து. மறுபடி நானூற்றுப் பத்து. மறுபடி நானூற்றுப் பதினைந்து. பொக்கு விழுந்த துண்டு முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"இது பதினஞ்சு கிராமு கொறையுதே" என்றாள் ஒச்சம்மாள்.

"அது மெசினு தின்னது மதினி. ஓரத்தைப் பாருங்க."

ஒச்சம்மாள் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மூன்று மூலைத் துண்டையும் நாலு மூலைத் துண்டையும் இரண்டு கையிலும் ஏந்திக் கனம் பார்த்தாள். "ஆளப் பாத்தா ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டையாத் தெரியுது. எடை ஒண்ணாத்தேன் இருக்கு" என்று கீழே வைத்தாள். அவள் ஒப்புக்கொண்டது மற்றவர்களுக்கும் போதுமானதாக இருந்தது.

"மேக்க பாத்தத நான் எடுத்துக்கிர்றேன்" என்றாள் முத்துச்செல்வி.

"அதெப்பிடி?" என்றாள் பாண்டியம்மாள். "பெறகு ஒரு நாளைக்கு எனக்கு மட்டும் செவுத்தப் பாத்துக் குடுத்தாகன்னு நீ சொல்லுவ. இல்லாட்டி ஊரு சொல்லும். சீட்டுப் போட்ருவோம்."

அவளே கூடையிலிருந்து ஐந்து வெற்றிலையை உருவி, சுண்ணாம்பைத் தொட்டு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி வைத்து, மடித்துக் கலக்கிப் போட்டாள். ஒன்றும் இரண்டும் ரோட்டுப் பக்கம். மூன்று வடக்கு, நாலு தெற்கு. ஐந்து டேங்குப் பக்கம்.

"மூத்தவுக மொதல்ல எடுங்க."

அன்னக்கொடி எடுத்து விரித்தாள். ஐந்து புள்ளி.

அடுத்து ஒச்சம்மாளுக்கு நாலு. அஸ்வினிக்கு ஒன்று. பாண்டியம்மாளுக்கு மூன்று. மிஞ்சிய வெற்றிலையை முத்துச்செல்வி விரித்தாள். இரண்டு.

அன்னக்கொடி வெற்றிலையைத் திருப்பி மடித்து மேடையில் வைத்தாள். தராசை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான் இதுக்கு ஒத்துக்கிரல" என்றாள் நிதானமாக. "எனக்கு லிஸ்ட்டுல பேரு இருக்கு. ரோட்டப் பாத்த கட்டம் இருக்கு. அத விட்டுட்டுச் செவுத்தப் பாத்து உக்கார எனக்கு என்ன தலையெழுத்து. நாலு நாலாவே இருக்கட்டும்."

ஒச்சம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முத்துச்செல்வி அவள் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"மதினி, இங்கிட்டு வாங்க. ஒரு வார்த்தை."

இருவரும் டேங்குக்குப் பின்னால் போனார்கள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி குரலை உயர்த்தவில்லை.

"பேரு எடுத்தப்ப நீங்க என்ன சொன்னீகன்னு எனக்குத் தெரியும்."

அன்னக்கொடி அவளைப் பார்க்கவில்லை. சொட்டுகிற குழாயை இறுக்கித் திருகினாள். அது நிற்கவில்லை.

"யாரு, ஒச்சம்மா சொன்னாளா? சொல்லட்டும். அவன் இனி எந்திரிக்க மாட்டான்னு சொன்னாக. நீ அவன விட்டுட்டு எங்க வரப்போறன்னு நெனச்சேன். மேடைக்கு நாலு பேருதான், அஞ்சாவது ஆளு தள்ளி எட்டாம் மேடைக்குன்னான் அந்தப் பையன். வரிசையில கடைசி ஆளு நான். நாந்தேன் போகணும். இருவத்தாறு வருசமா அந்த மரத்தடியில உக்காந்தவ. என்ன செய்யச் சொல்ற?" கொஞ்சம் நிறுத்தினாள். "நீ திரும்பி வந்த நாள்லருந்து சொல்லத்தேன் நெனச்சேன். வாய் வரல."

"நீங்க சோறு கொண்டுவந்தத நான் மறக்கல."

"பெறகு என்ன?"

"ஒங்க தம்பிகிட்ட நான் இதச் சொல்லல. ஒச்சம்மா மதினியும் சொல்லமாட்டாக. கையெழுத்துப் போடுங்க."

அன்னக்கொடி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அவிழ்த்து மறுபடி செருகினாள். அவள் வயதுக்கு மேல் கிழடு தட்டிப்போனது போல அந்த நேரத்தில் தெரிந்தாள். நான் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் இரண்டாம் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் என முத்துச்செல்விக்கு ஒரு நொடி தோன்றியது. மூன்று நாள் முன்பு வரை அவள் அப்படிப்பட்டவள்தான். சொல்லாமல் நின்றாள்.

இருவரும் திரும்பி வந்ததும் அன்னக்கொடி அஸ்வினியின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது.

சாயங்காலம் வெள்ளைத்துரை டேப்போடு வந்து எட்டடிக்கு ஒரு குறி வைத்து, ஐந்தையும் இரண்டு தடவை அளந்தார். ராஜபாண்டி கொடுத்துவிட்டிருந்த நூலில் நீலப்பொடி பூசி முத்துச்செல்வி ஒரு முனையையும் அஸ்வினி மறுமுனையையும் இழுத்துப் பிடித்தார்கள். நடுவில் பிடித்துத் தெறித்ததும் பழைய கூட்டல் குறியின் மேல் புதுக் கோடுகள் விழுந்தன. "இத்தன வருசத்துல இப்பிடி ஒரு கோட்ட நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அவர் தாளை நோட்டுக்குள் செருகிக்கொண்டார். அவள் வீட்டுக்குப் போனபோது ராஜபாண்டி வலி மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தான்.

ஆடி வெள்ளியன்று கூட்டம் நன்றாக இருந்தது. அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் வெற்றிலையும் கொய்யாவும் வாங்கினார்கள். ஐந்து பெண்களும் நடுவில் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே பார்த்து உட்கார்ந்த அன்னக்கொடியின் கத்தரிக்காய் மேல் காற்று மண்ணை வாரிப் போட்டது. அவள் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் ரோட்டுப் பக்கம் அவளைத் தேடிவிட்டு, சுற்றி வந்து கண்டுபிடித்தார்கள். சிலர் சுற்றி வரவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் முத்துச்செல்வியின் சாக்கு காலியானது.

மேற்குப் பக்கம் ஆள் நிற்காத நேரத்தில், அன்னக்கொடி திரும்பாமலே கேட்டாள். "வித்துருச்சா?"

"வித்துருச்சு மதினி."

"நாளைக்கு இன்னும் பத்துக் கட்டு கூடக் கொண்டா."

"சரி மதினி."

தோட்டத்துக்குப் போய் மறுநாளைக்குப் பத்துக் கட்டு கூடச் சொல்லிவிட்டு, அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவள் வீடு திரும்பிச் சோறு வடித்து, இரண்டு முட்டை பொரித்து, ரசம் வைத்தாள். ராஜபாண்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படி நிலைவரை வந்து நின்றான். பகல் முழுக்க யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தவன். எத்தனை கட்டு போனது, கூட்டம் எப்படி, கோடு நேராக விழுந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"காத்து ரொம்ப அடிச்சுச்சா?"

"எனக்கு அடிக்கல. எனக்கு ரோட்டுப் பக்கம் விழுந்துச்சு. சீட்டுப் போட்டோம்."

அவன் முகம் மலர்ந்தது. "டேங்குப் பக்கம் யாருக்கு?"

"ஒங்கக்காவுக்கு."

அவன் வாக்கரின் பிடியை மாற்றிப் பிடித்தான்.

"அது வயசான மனுசி செல்வி. நம்ம மாத்திக் குடுத்திருக்கலாம்ல. அது நமக்குன்னுதான நான் சொல்லிவிட்டேன்."

அவள் ரசத்தைக் கலக்கி இறக்கிவைத்தாள். இருவருக்கும் தட்டு போட்டாள்.

"நீங்க சமமாத்தான மாமா வெட்டுனீக" என்றாள். "உக்காருங்க, சோறு ஆறுது."